கன்னத்தில் கை வைத்த படம்

என் வீட்டு முன்னறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒரு பெண் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். வரைந்தது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள், "பாவம், இந்த அம்மாவுக்கு என்ன கவலையோ?" என்று கேட்டுவிடுவார்கள். ஒருத்தராவது மாற்றிக் கேட்பார்களா என்று நானும் இத்தனை காலமாகப் பார்க்கிறேன், கேட்டபாடில்லை. கன்னத்தில் கை வைத்தால் கவலைதான் என்று நம் ஆட்களுக்கு யாரோ சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.

படத்தில் இருப்பது என் மாமியார். இது எழுபதுகளில் நடந்த கதை.

நான் சாயர்புரத்துக்காரி. கடல் பக்கத்தில்தான் என்றாலும் கடலில் பிழைத்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், எனக்கும் அதே வேலைதான், பாடம் மட்டும் ஓவியம். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக வந்து சேர்ந்தேன், வந்த இடத்தில் கல்யாணமும் ஆனது. அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். அவர்கள் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டண்டு. இரண்டு வீட்டையும் எப்படிச் சமாளித்தோம் என்பது தனி ரகளை, அது இங்கே வேண்டாம். என் மாமனார் தோணித் தண்டல். தோணிக்குத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயை விரிக்கச் சொல்வதும் சுருட்டச் சொல்வதும் அவர்தான். வெங்காயமும் மிளகாய் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். காற்று எப்போது விடுகிறதோ அப்போதுதான் வீடு.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த பூசணிக்காய்கள் ஒன்றுகூடப் பூசணிக்காய் மாதிரி இல்லையே என்ற யோசனையில் கை தானாகக் கன்னத்துக்குப் போயிருந்தது. பின்னாலிருந்து பட்டென்று ஓர் அடி. மீன் கழுவிய ஈரக்கை. என் கை தெறித்து மடியில் விழுந்தது.

"ஏளா, கூறு கெட்டவளே! மாமா கடல்ல இருக்காவ, நீ கன்னத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்ற அம்மாகூட என்னை அடித்தது கிடையாது. கன்னமெல்லாம் வேறு சாளை மீன் வாடை. "என் கைய என் கன்னத்துல வைக்கதுக்கும் உங்கள்ட்ட கேக்கணுமா மாமி?" என்று கத்தினேன்.

"தோணி கரையில நிக்கும்போது வையி. ரெண்டு கையவும் வையி. யாரு கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு மாமி மீன் சட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால் மனுஷன் சிரிக்கிறார். 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்று ஊரெல்லாம் பழமொழி சொல்வார்கள் அல்லவா? தைரியத்தை விடாதே என்பதற்காகச் சொல்வது. அதை அந்த வீட்டில் சட்டமாகவே வைத்திருந்தார்கள். தோணி கடலில் இருக்கும்வரை அந்த வீட்டுப் பெண்கள் கன்னத்தில் கை வைக்கக் கூடாது. கவிழ்ந்த பிறகு வைக்கிற கையை முன்கூட்டி வைத்தால், கவிழட்டும் என்று கூப்பிடுகிற மாதிரியாம். "எங்க அம்மைய நீ மாத்தவா போற? விட்டுத் தள்ளு," என்றார்.

விட்டுத் தள்ளினேனா என்றால், இல்லை. ஆனால் ஒரு தடவை மாமிக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. மாமா அப்போது கொழும்பில். கிராம்பை அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துணியைச் சூடுகாட்டிக் கொண்டுபோய், "கன்னத்துல வச்சுப் பிடிங்க மாமி, வலிக்கு இதமா இருக்கும்," என்றேன். மாமி தலையை ஆட்டினார். "கட்டி விடு. கட்டிக்கிடலாம், பிடிக்கத்தான் கூடாது." தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு! ஆனால் அன்றைக்கு என் கோபம் போய்விட்டது. பல்வலியில்கூட ஒரு மனுஷி தன் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவரோடு எதற்குச் சண்டை?

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் மாமா பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் வரையச் சொல்லிக் குடுக்க. உன் மாமிய ஒரு படம் வரைஞ்சு வையேன். நான் திரும்பி வாரதுக்குள்ள முடிச்சிரு."

மாமி அடுக்களையிலிருந்து, "என் மூஞ்சிய வரைஞ்சு எங்கன மாட்டப் போறீய? தோணியிலயா?" என்றார்.

"தோணியிலதான். உன்னப் பாத்தா காத்தே பயந்து ஒழுங்கா வீசும்லா."

"ஆமா, இவுக ரொம்ப அழகு," என்று மாமி சொன்னார். சொன்ன முகத்தில் சிரிப்பு வழிந்தது. அந்த வீட்டில் மாமியின் படம் என்று எதுவுமே கிடையாது. கல்யாணக் கூட்டத்தோடு எடுத்த ஒரு போட்டோ இருந்தது, அதிலும் மாமியின் முகத்தைப் பூச்சி அரித்துவிட்டது.

மாமா போன மறுநாளே மாமியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அப்போதுதான் எனக்கு வம்பு பிடித்தது. எனக்குத் தெரிந்த நல்ல உருவப்படம் எல்லாம் யோசிக்கிற படங்கள். பயிற்சிக் காலத்தில் புத்தகங்களில் அவற்றைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தேன். ஒருவர் நாடியில் விரல் வைத்திருப்பார், ஒருவர் நெற்றிப் பொட்டில் வைத்திருப்பார், ஒருவர் முகம் முழுவதையும் கையில் ஒப்படைத்திருப்பார். முகத்தை மட்டும் வரைந்தால் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை வந்து கன்னத்தைத் தாங்கிவிட்டால் போதும், அந்த ஆள் நம்மை மறந்துவிடுவார். அப்போதுதான் அவரைப் பார்க்க முடியும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர், தான் யோசிப்பதை நமக்குக் காட்டுகிறவர். ஸ்டூடியோவில் மாப்பிள்ளைப் பையன்கள் அப்படித்தான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஆனால் யோசனை எல்லாம் பெண் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி. தலையின் பாரத்தையே கையில் இறக்கி வைத்தவர்தான் நிஜமாக யோசிக்கிறவர். கன்னத்துச் சதை கொஞ்சம் மேலே ஏறி, ஒரு கண் லேசாகச் சுருங்கியிருக்கும். அதைப் பொய்யாகச் செய்ய வராது.

மாமிக்கு அதை எப்படிச் சொல்வது? மடியில் கையை வைத்துக்கொண்டு, தொப்பி போட்ட போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்த மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வரைந்து காட்டினேன்.

"இது யாரு?" என்றார் மாமி.

"நீங்கதான்."

"நானா? பாஸ்போட்டு ஆபீசுக்குப் போறவ மாதிரில்லா இருக்கேன். வேற வரை."

"கைய மட்டும் லேசா இப்பிடி…"

"ஏளா!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்தடுத்து வரைந்ததெல்லாம் அப்படியே வந்தது. மூக்கு சரி, மூக்குத்தி சரி, காதில் பழைய முத்துக்குளிப்புச் சலாபத்தில் கிடைத்த சின்ன முத்து, அதன் மினுக்கம்கூட சரி. ஆனால் மாமியைக் காணோம்.

அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. வாடைக்காற்று பிசாசு மாதிரி அடித்தது. கொழும்பிலிருந்து கிளம்பிய தோணிகள் ஒவ்வொன்றாகப் பழைய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. மாமாவின் தோணி வரவில்லை. கடைசியாக வந்தவர்கள், தங்களுக்கு முன்னால்தான் அவர்கள் பாய் விரித்தார்கள் என்றும், ஒரு நேரம் வரைக்கும் பாய் கண்ணில் தெரிந்தது, பிறகு மழை வந்து மறைத்துவிட்டது என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து தோணி முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்கும், கிட்டங்கியிலிருந்து துறைமுகத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். வீட்டுக்குள் வரும்போது மாமி அவர் முகத்தைப் பார்ப்பார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாதபோதே இத்தனை பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அதில் ஒரு அம்மா, மாமியின் தூரத்து உறவு, பெருமூச்சு விட்டுக்கொண்டே கன்னத்தில் கை வைத்தார். வேணும் என்று வைக்கவில்லை. பரிதாபப்படுகிறவர் கை அங்கேதான் போகும். மாமி செபமாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏளா, கைய எடு."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"கைய எடுங்கேன். எடுக்க முடியலன்னா எந்திரிச்சு உன் வீட்டுக்குப் போ. இங்கன யாருக்கும் ஒண்ணும் ஆகல."

குரல் உயரவே இல்லை. வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாமி கதவைச் சாத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார். "நீ போய் உன் பென்சில எடுத்துட்டு வா," என்றார்.

"இப்பவா மாமி?"

"பின்ன எப்ப? வந்ததும் படம் எங்கனன்னு கேப்பாவல்லா. முடிக்கலன்னா உனக்கில்ல, எனக்குத்தான் ஏச்சு விழும்."

ஜன்னலோரம் அதே இடத்தில் உட்கார்ந்தார். வெளியே மழை. நான் வரைய ஆரம்பித்தேன். மாமி மெல்ல மெல்ல என்னை மறந்தார். கண் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. அப்போது அவர் வலது கை மடியிலிருந்து தானாக எழும்பியது. நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. மாமி அதைக் கண்டுகொண்டு, திருட்டுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பது போல இடது கையால் பிடித்து மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழும்பியது. மறுபடியும் பிடித்து வைத்தார். அதற்குப் பிறகு என்னால் வரைய முடியவில்லை. பென்சிலைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"பிடிச்சுக்கோ," என்றார் மாமி. "விட்டுராத. இந்தச் சவம் சொன்னாக் கேக்க மாட்டேங்கு."

விளக்கேற்றும் நேரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்கு அடுத்த நாள்களிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதுதான் வேலை. அரிசி களையும்போதும் மீன் அரியும்போதும் மாமியின் கைக்கு வேலை இருந்தது, பயமில்லை. வேலை முடிந்து சும்மா உட்காரும்போது நான் போய்ப் பிடித்துக்கொள்வேன். என் கையை அடித்துத் தள்ளிய கைதான். அந்தக் கை மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விடுமுறை. வாசலில் நிழல் தட்டியது. மாமா நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை, யாருடையதோ ஒரு சட்டை, உதடெல்லாம் உப்பு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. பாய்மரம் முறிந்து, காற்று குமரி முனையைத் தாண்டித் தள்ளிக்கொண்டுபோய், கடைசியில் குளச்சல் பக்கம் கரையேறியிருக்கிறார்கள். ஆள்களுக்கெல்லாம் சேதமில்லை. நாகர்கோவிலுக்கு வந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கடலில் தொலைந்த தண்டல் பஸ்ஸில் வந்து இறங்கினார் என்று தெருவில் பிற்பாடு வெகுநாள் கேலி பண்ணினார்கள். அவர் கொடுத்த தந்தி மறுநாள் காலையில் நிதானமாக வந்து சேர்ந்தது.

மாமி ஓடவில்லை, அழவில்லை. நான்தான் ஓவென்று அழுதேன். மாமா மாமியைப் பார்த்து, "சோறு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. கைகால் கழுவிட்டு வாங்க," என்றார் மாமி.

சோறும் முந்தின நாள் மீன் குழம்பும்தான் இருந்தது. மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டார் என்றா சொல்வது? விழுங்கினார். மாமி பரிமாறிவிட்டு, எதிரே அந்தத் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கை முழங்காலில் ஊன்றியது. கை மெல்ல எழும்பியது. நான் பழக்கத்தில் எழுந்து பிடிக்கப் போனேன். அதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியின் முகம் முழுப் பாரத்தோடு உள்ளங்கையில் சாய்ந்தது. கன்னத்துச் சதை மேலே ஏறி ஒரு கண் லேசாகச் சுருங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகம் அப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

மாமா நிமிர்ந்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"ஏளா, என்னது கன்னத்துல கை? தோணி இன்னும் வந்து சேரல, அன்னா குளச்சல்ல கெடக்கு."

"தோணி கெடக்கட்டும். யாருக்கு வேணும் தோணி? எங் கப்பல் வந்துட்டு," என்றார் மாமி. கையை எடுக்கவில்லை. "நீங்க தின்னுங்க."

எழுந்து போய்க் காகிதத்தை எடுத்து வந்தேன். மாமா அந்தச் சோற்றை முடிப்பதற்குள் வரைந்துவிட்டேன். மாமி என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அதை வைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, சட்டம் போட்டு மாட்டினோம். மாமா படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத தோணிக்குக் கொண்டுபோக முடியாதே," என்றார். "காத்து சிரிச்சுப் போடும்."

படம் மாட்டியாயிற்று, அடுத்த வம்பு வந்தது. தோணியைச் சரிசெய்து மாமா மறுபடியும் பயணம் போனார். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வகுப்பில் தப்புப் பண்ணிச் சுவரைப் பார்த்து நிற்கிற பிள்ளை மாதிரி. நான் வரைந்ததிலேயே நல்ல படம், எனக்கு வருமா வராதா கோபம்? "மாமி, இது என்ன கூத்து?" என்றேன்.

"அவுக கடல்ல இருக்காவல்லா. அதுல நான் கன்னத்துல கை வச்சிருக்கேன்லா," என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாமா கிளம்பிப் போனதும் படம் திரும்பும், வந்ததும் நேராகும். தெருவில் மாமா ஊரில் இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் எங்கள் முன்னறையை எட்டிப் பார்த்தால் போதும். என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள், "உங்க அப்பாவுக்குக் கொடி மரம் தேவையில்ல," என்பார்கள். சில வருஷங்களில் மாமாவுக்கு முழங்கால் வலி வந்து பயணத்தை நிறுத்திவிட்டார். அதன்பின் படம் நேராகவே இருந்தது. மாமி அதன் கீழேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். மேலே ஒரு மாமி, கீழே ஒரு மாமி. எனக்கு அந்த வருஷங்கள் ரொம்பப் பிடிக்கும்.

எழுபதுகள் முடியப் போகிற சமயம். ஒரு சித்திரை வெயிலில் மாமா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. கடல் கொண்டுபோகாத மனுஷன் தன் கட்டிலில் தூக்கத்தில் போனார். வீடு நிறையச் சனம். கூடிய பெண்கள் எல்லார் கையும் கன்னத்தில் இருந்தது. யார் தடுப்பது, அது சாவு வீடு. மாமி மட்டும் சவப்பெட்டியின் பக்கத்தில் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை எழும்பவே இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாமி எழுந்து நேரே படத்திடம் போனார். எக்கி, அதைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். நான் பின்னாலேயே போனேன்.

"மாமி, இனி எதுக்கு மாமி? மாமாதான்…"

"பொறப்பட்டுட்டாவல்லா," என்றார் மாமி. "கரை சேந்த சேதி எனக்கு இன்னும் வரலைல்லா. அதுவரைக்கும் அது அப்பிடியே இருக்கட்டும்."

மாமி அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். பேரப்பிள்ளைகளை வளர்த்தார், ஏசினார், சிரித்தார், என்னோடு ஓயாமல் மல்லுக்கு நின்றார். ஆனால் ஒரு நாள்கூட அவர் கை கன்னத்துக்குப் போய் நான் பார்க்கவில்லை. நான்தான் சாயங்காலங்களில் சும்மா இருக்கும்போது போய்ப் பிடித்துக்கொள்வேன். "பிடிச்சுக்கோ," என்பார்.

மாமியை மாமாவுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் கால்கூடக் கழுவாமல் போய்ப் படத்தை நான் திருப்பினேன். தூசி படாமல் அப்படியே இருந்தது முகம். அன்றிலிருந்து அது நேராகத்தான் இருக்கிறது.

இப்போது யாராவது காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாவுக்கு என்ன கவலை என்று கேட்டால் நான் முன்னைப்போலக் கோபப்படுவதில்லை. கவலையெல்லாம் ஒன்றும் இல்லை, வீட்டுக்காரர் வந்துவிட்டார், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுவேன்.